மாமாவின் மூச்சுக்காக அக்கா போட்ட பந்தல்

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து இந்த மாசியோடு ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் எல்லாரும் அவர் கையால் ஒரு வேளையாவது சாப்பிட்டவர்கள். அவரை உங்களுக்குப் புதிதாக அறிமுகம் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் "கூடப் பொறந்தவன் நீ ஒருத்தன்தான், நீதான் எழுதணும்" என்று மாமா சொல்லிவிட்டார். மாமா சொன்னால் எனக்கு மறுபேச்சு கிடையாது.

நான் பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதிப் பிழைப்பவன். ஒரு எழுத்து மாறினாலும் பிற்காலத்தில் வில்லங்கமாகும் என்று மூன்று தடவை படித்துப் பார்க்கிற வழக்கம் எனக்கு உண்டு. தொழிலால் வந்த வழக்கம் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அது பயம். "அவனுக்குக் கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரு. நான் ஒன்னு, பயம் ஒன்னு" என்று அக்காவே வருகிறவர்களிடம் கேலி செய்வார். இந்தக் கட்டுரையையும் நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதில் நான் சொல்லியே ஆக வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன்.

அக்கா கீழ்பென்னாத்தூர் பக்கத்தில், இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமும் ஒரு கிணறும் இருந்த வீட்டில் பிறந்தார். ஒன்பது வருடம் கழித்து நான் பிறந்தேன். எனக்கு ஏழு வயதில் அம்மா காலமானார். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் காட்டிலேயே அப்பா பொழுதைக் கழித்தார். பதினாறு வயதுப் பெண்ணாக இருந்த அக்கா சமைத்து, என்னைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, தானும் பஸ் ஏறிப் போய் பிளஸ் டூ முடித்தார். நாய்க்குப் பயம், கிணற்றுக்குப் பயம், கணக்கு வாத்தியாருக்குப் பயம் என்று நான் அழுதபோதெல்லாம் "நான் பாத்துக்கறேன், நீ நட" என்பார். அந்த ஒரு பேச்சிலேயே நான் ஐம்பது வயதைத் தாண்டிவிட்டேன்.

மாமா பெண் பார்க்க வந்தபோது அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். தம்பியும் கூட வருவான் என்பதுதான் அது. மாமா வீட்டில் முகம் சுளித்தார்கள். மாமா மட்டும் "வரட்டுமே, ஒரு தட்டு சோறு ஜாஸ்தி, அவ்ளோதானே" என்றாராம். திருவண்ணாமலையில் மல்லாட்டை உடைக்கிற மில்லில் மாமா மேற்பார்வையாளராக இருந்தார். அவருடைய சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்துதான் நான் ஹைஸ்கூலுக்குப் போனேன். அக்கா சத்துணவு அமைப்பாளராக வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை ஒரு நாள் கூடத் தான் முதலில் வாயில் வைத்துப் பார்க்காமல் பிள்ளைகளுக்குப் பரிமாறியதில்லை. ஒரே மகள் கவிதாவைப் படிக்க வைத்து ஓசூரில் கட்டிக்கொடுத்தார்கள். இவ்வளவும் நீங்கள் அறிந்தது.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி, தெற்கே உள்ளே போகும் மண்பாதையில் இருக்கிறது. மேற்கே பக்கத்து வீட்டு மதில், கிழக்கே பாதை, தெற்கே வாய்க்கால், வடக்கே பார்த்தால் மலை. வாசற்கதவைத் திறந்தால் மலைதான் முகத்தில் படும். வீட்டின் முன்பாதி கான்கிரீட், பின்பாதி சிமென்ட் ஷீட். பக்கவாட்டில் எட்டு சென்ட் காலியிடம். அதில் அக்கா கீரையும் மல்லாட்டையும் போடுவார்.

முப்பது வருடம் மில்லில் தூசியைச் சுவாசித்த மாமாவின் நுரையீரல் ஒரு நாள் கணக்குக் கேட்டது. முதலில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு பௌர்ணமிக்கு மலை சுற்றுவது நின்றது. பிறகு குளித்துவிட்டு வந்தாலே கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். நுரையீரல் நார் போல் இறுகிவிட்டது, இனிமேல் பகலும் இரவும் ஆக்சிஜன் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு மிஷினை வீட்டில் வைத்தோம். சின்னப் பீரோ உயரம் இருக்கும். மூக்கில் மாட்டும் குழாய் அதிலிருந்து வரும். மாமா கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கிற அளவு குழாய்க்கு நீளம் உண்டு. மிஷின் கரண்டில் ஓடுவது. கரண்ட் நின்றால் மிஷின் நிற்கும். மிஷின் நின்றால் கால் மணிக்குள் மாமாவின் உதடு கறுக்கும்.

அக்காவின் தெருவுக்குக் கரண்ட் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். காற்றடித்தால் போகும், மழை வந்தால் போகும், இரண்டும் இல்லாவிட்டாலும் பராமரிப்பு என்று ஒரு நாள் முழுக்கப் போகும். வீட்டு இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரம் தாங்கும். அதற்கப்புறம் சிலிண்டர். ஒரு ஆடி மாதக் காற்றில் டிரான்ஸ்பார்மர் எரிந்து, மறுநாள் சாயங்காலம் வரை கரண்ட் வரவில்லை. இருந்த சிலிண்டர் தீர்ந்து, அடுத்த சிலிண்டர் ஆட்டோவில் வருவதற்குள் மாமா இரண்டு கைகளாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பேச்சு வராமல் என்னையே பார்த்தார்.

மறுநாள் அக்கா சொன்னார்: "கரண்ட் வந்துடும், வந்துடும்னு ஃபோன பாத்துனு உக்காந்திருக்க என்னால ஆவாதுடா. வெயில நம்மளே புடிச்சி வெச்சிக்கலாம்."

ஒரு கம்பெனிக்காரர் வந்து பார்த்தார். ஷீட் கூரை பேனல் பாரம் தாங்காது, கான்கிரீட் பாதியில் நாலு பேனல்தான் வைக்கலாம் என்றார். அதுவும் அவர்கள் போடுகிற சாதாரண வகை, ஊர்க் கரண்ட் நின்றால் கூடவே நின்றுவிடுமாம். "அப்ப எனக்கு எதுக்குங்க அது?" என்று அக்கா காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு மூன்று மாதம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செல்போனில் வீடியோ பார்த்தார். பார்த்ததை சத்துணவு ரிஜிஸ்டரின் பின்பக்கங்களில் எழுதினார். கடைசியில், காலி எட்டு சென்டில் தரையிலேயே கால் நட்டு, இரண்டு வரிசையாக இருபது பேனல், பெரிய பேட்டரியோடு, தானே நின்று போடுவது என்று முடிவு செய்தார். தரையில் இருந்தால் தினமும் தானே துடைக்கலாம் என்பது இன்னொரு காரணம்.

"அக்கா, இது என்ன கோலமா, நம்மளே போட்றதுக்கு? ஷாக் அடிச்சா?"

"ஐநூறு புள்ளைங்களுக்கு சாம்பார் வெச்சவடா நானு. கத்துக்கலாம், உக்காரு."

"இருபது எதுக்குக்கா? மிஷினுக்கு ஆறு போதும்னு அந்தக் கம்பெனி ஆளே சொன்னாரே."

"அது வெயில் கணக்கு. நான் மழைய வெச்சி கணக்கு போட்டேன். கார்த்திகையில மூணு நாள் விடாம ஊத்தினா, அந்த மப்புலயும் மிஷின் ஓடணும். வெயில் காலத்துல மிச்சம் ஆவட்டும், மோட்டார் போட்டுக்கலாம்."

எனக்கு வந்த பயங்களை இங்கே ஒவ்வொன்றாக எழுதினால் மலர் கொள்ளாது. இடி விழுமா, பாம்பு அடியில் குடியேறுமா, ஆடிக் காற்று மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு போகுமா, மலைக் குரங்கு ஒயரைப் பிய்க்குமா என்று தினம் ஒன்று கேட்பேன். அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். இடிக்குக் குழி வெட்டிக் கரியும் உப்பும் போட்டு எர்த். காற்றுக்கு இரண்டரை அடி ஆழத்தில் கான்கிரீட். குரங்குக்கு, ஒயர் முழுக்க இரும்புக் குழாய்க்குள். இன்வெர்ட்டர் இணைப்பை மட்டும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வந்துதான் செய்வார் என்று அக்காவே என்னிடம் சத்தியம் செய்தார்.

வெல்டிங் வேலைக்கு ஏழுமலை வந்தார். கேட், ஜன்னல் கம்பி செய்கிற பட்டறைக்காரர், நல்ல வேலைக்காரர். பங்குனிக் கடைசியில் அக்கா கோலமாவால் இருபத்துநாலு குழிக்கும் குறி போட்டார். நம் ஊரில் வருடத்தில் பாதிக்கு மேல் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகிறது. அதனால் பேனல் தெற்கே பார்க்க வேண்டும். வடக்கே உயரக் கால், தெற்கே குட்டைக் கால், ஒரு முழத்துக்கு ஐந்து விரல் சரிவு. இதை ஏழுமலைக்கும் எனக்கும் மூன்று தடவை சொன்னார்.

சித்திரை பிறந்த வாரத்தில் மாமாவுக்குச் சளி கட்டி, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அக்கா கூடவே போய்விட்டார். போகும்போது வண்டிக்குள்ளிருந்து என்னிடம், "சிமென்ட் வந்து எறங்கிடுச்சி, வேலை நிக்க வேணாம். நீ பாத்துக்கோ" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அக்கா என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

இனி எழுதுவதுதான் நான் சொல்ல வேண்டியது.

குழி வெட்டி, கால் நடத் தயாராக இருந்த காலையில் பக்கத்துத் தெரு அம்மாள் ஒருவர் பால் வாங்கப் போகிற வழியில் நின்றார். "என்னங்க இது, மலைக்கு முதுகு காட்டியா வெக்கப் போறீங்க? வீட்ல ஒடம்பு முடியாதவர வெச்சினு" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் வம்புக்குக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். அரை மணி கழித்து, அப்பாவைப் பார்க்க வேலூருக்கு வந்திருந்த கவிதா போன் செய்தாள். அப்பாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், அம்மா வெளியே நிற்கிறார் என்று அழுதாள்.

நான் தலை நிமிர்ந்தேன். எதிரே மலை. அதற்கு முதுகைக் காட்டி இருபது பேனல் நிற்கப் போகிறது. நிற்க வைக்கப் போகிறவன் நான்.

"ஏழுமல, உயரக் கால தெக்கால நடு. மலைய பாத்து இருக்கட்டும்."

"அக்கா தெக்கால பாக்கணும்னு சொல்லிச்சே சார்?"

"நான் சொல்றேன். அக்கா கிட்ட நான் பேசிக்கறேன்."

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. தினமும் வடக்கு, தெற்கு எழுதியே சோறு தின்கிறவன் நான். தெரிந்துதான் செய்தேன். மாமா பிழைக்க வேண்டும், அதற்கு மேல் அன்று எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை. கான்கிரீட் இறுகியது. நான்காம் நாள் மாமாவைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். நான் செய்தது சரி என்று மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அக்காவிடம் பேசவில்லை.

பதினோரு நாள் கழித்து ஆம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றது. அக்கா இறங்கி, இரும்புச் சட்டங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஸ்ட்ரெச்சரில் இருந்த மாமா முகமூடிக்குள்ளிருந்து, "அட, மலைய பாத்து கும்புட்ற மாதிரி நிக்கிதே" என்று சிரித்தார். ரொம்ப நாள் கழித்து அவர் சிரித்தது அன்றுதான். அக்கா உள்ளே போய்ப் பால் காய்ச்சினார். மறுநாள் "பேனல ஏத்திடலாம்" என்றார். அவர் கவனிக்கவில்லை, தப்பித்தோம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வைகாசியிலும் ஆனியிலும் பேனல்கள் அள்ளிக் கொடுத்தன. ஊர்க் கரண்ட் போனது எங்களுக்குத் தெரிவதே இல்லை. பக்கத்து வீட்டு மோட்டார் நின்றால்தான் தெரியும். தெருவில் எல்லாரும் அதைப் பந்தல் என்றே சொல்லத் தொடங்கினார்கள். கல்யாண வீடா என்று கேட்டவர்களும் உண்டு. அக்கா தினமும் காலையில் நீளக் கம்பில் துணி கட்டித் துடைப்பார். நான் ஊருக்குள் இருக்கும் என் வீட்டிலிருந்து, ஆபீசுக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் வந்து, பேட்டரியில் எத்தனை சதவீதம் என்று எண்ணைப் பார்ப்பேன். அடியில் குனிந்து பாம்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு மாமாவின் விரலில் ரத்தத்து ஆக்சிஜன் அளவைக் காட்டும் கிளிப்பை மாட்டி எண்ணைப் பார்ப்பேன். தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று என்று இருந்தால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கும்.

புரட்டாசியில் பேட்டரி எண் குறைய ஆரம்பித்தது. ஐப்பசியில் இன்னும் கம்மி. வெயில் நன்றாக அடிக்கிற நாளிலேயே சாயங்காலம் பேட்டரி நிரம்பாமல் நின்றது. சூரியன் தெற்கே போய்விட்டது, பேனல்களோ மலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

பிறகு மழை பிடித்தது. ஏற்கெனவே அரைகுறையாக இருந்த பேட்டரியோடு மழைக்குள் போனோம். முதல் நாள் மத்தியானம் ஊர்க் கரண்ட் போனது. இரண்டாம் நாள் காலை பேட்டரியில் நாற்பது. அக்கா பிரிட்ஜை நிறுத்தினார், ஃபேனை நிறுத்தினார், மிஷின் மட்டும் ஓடியது. மத்தியானம் இருபது. மூன்று மணிக்குப் பதினொன்று. பந்தலை நம்பி வீட்டில் சிலிண்டர் நிரப்பி வைத்திருக்கவில்லை. வாய்க்கால் நிரம்பிப் பாதை முழங்கால் தண்ணீர், ஆட்டோ வர மாட்டேன் என்றது. தெருக்காரர்கள் இரண்டு பேர் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து வந்தார்கள். அவர்கள் வாசலில் கால் வைத்தபோது பேட்டரியில் நாலு. மிஷின் கத்தத் தொடங்கியிருந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் கரண்ட் வந்தது, வெயிலும் வந்தது. பந்தலுக்கு அடியில் நின்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கோபப்படவில்லை.

"வந்த அன்னிக்கே பாத்துட்டேன்டா."

"பாத்துட்டு ஏன்க்கா சும்மா இருந்த?"

"அவரு அத பாத்து சிரிச்சாரு. கெடுக்க மனசு வரல. ஆவணி வரைக்கும் சூரியன் நமக்கு வடக்காலதான் சாஞ்சி போவுது, ஒன்னும் கம்மி ஆவாது. அதுக்கப்புறம் திருப்பிக்கலாம்னு இருந்தேன்."

"ஆவணி போயி எத்தினி நாளாச்சி?"

"இருபதையும் எறக்கி ஏத்தணும். தெம்பு இல்லடா."

"ஏழுமலைய கூப்ட்டா ஒரு நாள்ல முடிச்சிடுவான். இத்த முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று நான் உடனே போனை எடுத்தேன். அக்காவிடம் நான் கேட்டது அவ்வளவுதான். தெம்பு ஏன் இல்லை என்று கேட்கவில்லை.

மாமாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இருவரும் பயந்தோம். முப்பது வருடம் பௌர்ணமி தவறாமல் மலை சுற்றியவர். தனக்காக மலைக்கு முதுகு காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அக்கா கஞ்சி கொடுத்துக்கொண்டே பக்குவமாக ஆரம்பித்தார், வெல்டர் மாற்றி வைத்துவிட்டார் என்று. மாமா நிறுத்தி நிறுத்தி, மூச்சு எடுத்துச் சொன்னார்: "மலைக்கு ஏதுடி முன்னாடி, பின்னாடி? சுத்திதானே வர்றோம். நாலு பக்கமும் ஜனம் வீடு கட்டினு இருக்குது. அத்தனி பேரும் மலைய பாத்தா வாசல் வெச்சிருக்கான்? திருப்புங்க." நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆறு மாதம் இருவரும் மனதுக்குள் வைத்துப் புழுங்கியதை அவர் ஒரு வாய்க் கஞ்சியோடு முடித்துவிட்டார்.

தீபத்துக்கு முந்தின வாரம் ஏழுமலை இரண்டு ஆட்களோடு வந்தார். பேனல்களை இறக்கி, தெற்கே இருந்த உயரக் கால்களை அறுத்து, அதே துண்டுகளை வடக்குக் கால்களின் மேல் வைத்துப் பற்றவைத்தார்கள். அன்று முழுக்கப் பந்தலில் இருந்து கரண்ட் கிடையாது. ஊர்க் கரண்ட் போய்விடக் கூடாதே என்று நான் மிஷினுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அக்கா சிமென்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தபடி வேலை சொன்னார். எப்போதும் முன்னால் நின்று தூக்குகிறவர் அன்று எழுந்திருக்கவே இல்லை. காலில் மாமாவின் செருப்பைப் போட்டிருந்தார்.

"என்னக்கா, மாமா செருப்ப மாட்டினு இருக்க?"

"என்துல கால் நுழைய மாட்டுது. இது லூசா வசதியா கீது."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு ஊர்க் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போய்விட்டேன்.

திருப்பிய பிறகு மார்கழிப் பனியிலும் பேட்டரி நிரம்பியது. தை முழுக்க ஒரு குறையும் இல்லை. இனிமேல் நிம்மதி என்று எனக்கே தோன்றிய சமயத்தில், மாசியில் ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு மாமாவிடமிருந்து போன் வந்தது. அவருக்குப் பேசுவதே சிரமம், தானாகப் போன் செய்கிற ஆள் இல்லை.

"அவ பேனல் கிட்ட ஒக்காந்துனு இருக்காடா. கூப்ட்டா திரும்ப மாட்றா. வா."

வண்டியில் பத்து நிமிடம். கேட்டைத் திறந்தபோது அக்கா முன்வரிசைக்குக் கீழே, ஒரு இரும்புக் காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். துடைக்கிற கம்பு மடியில் கிடந்தது. பக்கத்தில் மண்ணில் மாமா உட்கார்ந்திருந்தார். அவர் மூக்கில் குழாய் இல்லை. வாசல்படி வரைதான் குழாய் எட்டும். அதைக் கழற்றிப் படியிலேயே போட்டுவிட்டு, இருபதடி தூரம் நடந்து அக்காவிடம் வந்திருந்தார். உதடு கறுத்திருந்தது. தன் விரலில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றி அக்காவின் விரலில் மாட்டி, அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்திருந்தார்.

"நம்பர் வர மாட்டுதுடா. இதுல பேட்டரி போய்டுச்சா பாரு" என்றார்.

கிளிப்பில் பேட்டரி இருந்தது. உள்ளே மிஷின் யாருக்கும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

நான் கத்தவில்லை. ஓடிப் போய் மிஷினை வாசற்படி வரை தள்ளிக்கொண்டு வந்து, குழாயை இழுத்து, முதலில் மாமாவுக்கு மாட்டினேன். அக்காவைத் தொட்டுப் பார்த்தது அதற்குப் பிறகுதான். அப்படித்தான் அக்காவும் செய்யச் சொல்லியிருப்பார் என்று எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்கிறீர்கள். சொல்லியிருப்பார், எனக்கும் தெரியும். என் மனம் ஆறவில்லை.

இதயம் வெகுநாளாகப் பலவீனப்பட்டிருந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கால் வீக்கத்துக்காக ஆவணியிலேயே அக்கா தனியாகப் போய் ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறார். பெரிய பரிசோதனைக்கு வேலூர் போகச் சொல்லியிருக்கிறார்கள். மாமாவை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. நான் பேனல்களை மாற்றி வைக்காமல் இருந்திருந்தால் அந்த மழை நாட்களின் பதற்றம் அவருக்கு இருந்திருக்காது. அதுவா காரணம் என்று டாக்டரிடம் கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். கிளம்பும்போது மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார்.

ஆனால் இது எனக்குத் தெரியும். இடிக்குப் பயந்தேன், பாம்புக்குப் பயந்தேன், குரங்குக்கும் காற்றுக்கும் மலைக்கும் பயந்தேன். அக்காவுக்காக ஒரு நாள் கூடப் பயப்படவில்லை. அந்தச் செருப்பைக் கண்ணால் பார்த்தும் பயப்படவில்லை.

எங்களுக்குத் துணை நின்றவர்களை இந்த இடத்தில் வணங்க வேண்டும். முழங்கால் தண்ணீரில் சிலிண்டர் சுமந்த தெருக்காரர்கள் இருவரையும் எங்கள் குடும்பம் மறக்காது. கூப்பிட்ட போதெல்லாம் வந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும், காரியம் முடியும் வரை அடுப்பைப் பார்த்துக்கொண்ட அக்காவின் சத்துணவுத் தோழிகளுக்கும் நன்றி. பேனலைத் திசை மாற்றி வைத்தவர் ஏழுமலை என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அதனால் அவருக்கு இரண்டு இடத்தில் வேலை தட்டிப் போனது. மாற்றச் சொன்னது நான். அவர் சரியாகத்தான் கேட்டார், நான்தான் அதட்டினேன். அக்காவின் முகத்துக்காக அவர் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மாமா இருக்கிறார். பந்தல் ஓடுகிறது. கவிதா ஓசூர் வேலையை விட்டுவிட்டு வந்து அவரைப் பார்த்துக்கொள்கிறாள். காலையில் ஐந்தரைக்கு எழுந்து பேனல் துடைப்பதும், மருந்து கொடுப்பதும், குளிப்பாட்டுவதும் அவள்தான். நீங்கள் எல்லாரும் அன்போடு தினமும் போன் செய்து மாமாவின் எண் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். தொடர்ந்து கேளுங்கள், அவருக்கு அது பெரிய தெம்பு. கேட்டுவிட்டு உடனே போனை வைத்துவிடாதீர்கள். கவிதா சாப்பிட்டாளா, தூங்கினாளா, அவளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வாள். இன்னொரு தடவை கேளுங்கள். அக்காவிடம் நாங்கள் யாரும் ஒரு தடவை கூடக் கேட்கவில்லை.